பக்கத்து காம்பராவைக் காணோம்

பெட்டியை வேறு எவரிடமும் கொடுக்கப் பத்திநாதனுக்கு மனம் வரவில்லை. கந்தப்பளையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெள்ளைக்கல் தோட்டத்துக்கு ஏறும் இரண்டு மைல் பாதையிலும் அதை அவனே தோளில் சுமந்தான். அப்படியொன்றும் பாரமில்லை. படம் வரைந்த அட்டைகள், வர்ணம் பூசிய மரக்கட்டைகள், விநாடி காட்டும் கடிகாரம் ஒன்று, மூன்று வாரம் உட்கார்ந்து அவன் இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு மாற்றிய கேள்வித்தாள்கள், இவ்வளவுதான். பிள்ளைகளின் புத்தியை அளக்கிற பெட்டி அது.

பின்னால் குடையை ஊன்றிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார் றோலண்ட். மிஷன் பள்ளிக்கூடங்களை மேற்பார்வை செய்கிறவர். கொழும்பில் பிறந்து வளர்ந்து, லண்டனில் இரண்டு வருடம் மனோதத்துவம் படித்துத் திரும்பியவர். பெட்டியும் அவரோடு கப்பலில் வந்ததுதான்.

“பாரமா இருந்தா கீழ வச்சிட்டுக் கொஞ்சம் நில்லும், பத்திநாதன்.”

“இல்ல சேர். ஏறிரலாம்.”

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தப் பெட்டியின் கதையைத்தான் அவர் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். ஐம்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் பாரிஸ் நகரத்தில் ஒரு மனிதர் இருந்தாராம். பாடத்தில் பின்தங்குகிற பிள்ளைகளை மடையர்கள் என்று சொல்லிப் பள்ளியை விட்டுத் தள்ளப் பார்த்த காலம். யாருக்கு உண்மையாகவே உதவி வேண்டும் என்று தெரிந்துகொள்ள அவர் சின்னச் சின்னக் கேள்விகளை உண்டாக்கினார். ஐந்து வயதில் இது தெரியும், எட்டு வயதில் அது தெரியும் என்று படிக்கட்டு மாதிரி அடுக்கினார். பிறகு அது மற்ற நாடுகளுக்குப் போனது. அங்குள்ளவர்கள் புத்தியின் வயதை உடம்பின் வயதால் வகுத்து, நூறால் பெருக்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண்ணைக் கொடுத்தார்கள்.

பத்திநாதன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு வந்தான். மழையில் நனைந்த கல் வீதியும், தெருவிளக்கின் கீழ் கோட்டுக் கழுத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடக்கும் அந்த மனிதரும் அவன் கண்ணுக்குத் தெரிந்தார்கள். அவனுக்கு இருபத்திரண்டு வயது. பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். பதின்மூன்று வயதில் பாதிரியார் ஒருவர் கைபிடித்து ஹட்டனுக்குக் கூட்டிவந்து படிக்க வைத்தார். இப்போது அங்கேயே உதவி ஆசிரியர். தாய் சிசிலி இன்னமும் அதே தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். பள்ளி நூலகத்தில் கிடைத்த மொழிபெயர்ப்பு நாவல்களை அவன் இரண்டு தடவை, மூன்று தடவை என்று வாசித்து முடித்திருந்தான். புகைபோக்கியும் கணப்பும் பனியில் விழுந்த வண்டித்தடமும் அவனுக்குப் பழகிய ஊர்ச் சங்கதிகள் ஆகிவிட்டன. அதனால் பெட்டியிலிருந்த படங்களில் எதுவும் அவனுக்கு அந்நியமாகப் படவில்லை. அவற்றைத் தமிழுக்குக் கொண்டுவரத் தன்னைத் தேர்ந்தெடுத்தார்களே என்று பெருமையாகத்தான் இருந்தது.

வந்த காரியம் இதுதான். ஹட்டனில் கன்னியாஸ்திரிமார் நடத்தும் பெண்கள் பள்ளியில், தங்கிப் படிக்க, வெள்ளைக்கல் தோட்டத்துக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரே ஓர் இடம். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க வழியில்லாத பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆனதும் தோட்டத்தில் பேர் பதிந்துவிடுவார்கள். பிறகு அந்தப் பேர் கொழுந்துக் கூடையை விட்டு இறங்காது. சோதனையில் தொண்ணூறு எண்ணுக்கு மேல் எடுக்கிற பிள்ளைக்கு அந்த இடம். ஒருத்தியும் எடுக்காவிட்டால் அது டவுன் பிள்ளைக்குப் போய்விடும்.

“எடுக்குறதுக்கு ஒருத்தி இருக்கா சேர்,” என்றார் தோட்டப் பள்ளிக்கூடத்து லோரன்ஸ் வாத்தியார், அவர்கள் வந்து உட்காரும் முன்பே. “பூரணின்னு பேரு. பதினொரு வயசு. நான் கரும்பலகையில கணக்குப் போட்டா, திரும்புறதுக்குள்ள பிழையைக் காட்டிருவா. சில நேரம் எனக்கே வெக்கமாயிரும்.”

றோலண்ட் சிரித்தார். “பார்ப்போம் வாத்தியார். பெட்டி சொல்லட்டும்.”

மறுநாள் காலை தகரக் கூரையின் கீழ் இருபத்து நான்கு பிள்ளைகள் பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்தார்கள். முதலில் எழுத்துச் சோதனை. தாளில் பத்து வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் சின்னச் சின்ன உருவங்கள். முதல் உருவத்தைப் போலவே இருப்பவற்றை மட்டும் தேடிக் கோடு போட வேண்டும். நேரம் எட்டு நிமிடம். கறுப்புப் பென்சில் இருபத்து மூன்றுதான் இருந்தது. கடைசி பெஞ்சில் நடுவில் உட்கார்ந்திருந்த பூரணிக்குப் பத்திநாதன் தன் சட்டைப்பையிலிருந்த நீலப் பென்சிலைக் கொடுத்தான். ஒல்லியான பிள்ளை. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. வாங்கி, முனையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

எட்டாவது நிமிடம் முடிகிற நேரத்தில் றோலண்ட் தலையை நிமிர்த்தினார். கடைசி பெஞ்சில் மூன்று தலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பூரணியின் கை பக்கத்துப் பிள்ளையின் தாளில் இருந்தது. அவர் மணியை அடித்து, நேரே போய் மூன்று தாள்களையும் எடுத்து, மேலே சிவப்பு மையால் பூஜ்யம் போட்டார். பார்த்து எழுதினால் பூஜ்யம் என்பது விதி. பூரணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பயமில்லை, என்ன நடந்தது என்று விளங்காத பார்வை.

அடுத்தது வாய்ச் சோதனை. ஒவ்வொருவராக மேசைக்கு வர, பத்திநாதன் கேட்டான். றோலண்ட் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பள்ளிக்கூடத்துக்கு வந்துகிட்டிருக்கே. வழியிலயே நேரமாயிருச்சுன்னு தெரியுது. என்ன செய்வே?”

“திரும்பி வீட்டுக்குப் போயிருவேன் சேர்,” என்றாள் பூரணி.

விடைப் புத்தகத்தில் ‘வேகமாக நடப்பேன், ஓடுவேன்’ என்று இருந்தது. பத்திநாதனுக்கு உள்ளே எங்கேயோ சுருக்கென்றது. ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பிழை என்று குறித்தான்.

“கடையில ஒரு சாமான் வாங்கியாரச் சொல்லி அனுப்புறாங்க. அந்தக் கடையில அது இல்ல. என்ன செய்வே?”

“சும்மா வந்துருவேன்.”

வேறு கடைக்குப் போக வேண்டும் என்றது புத்தகம். பிழை.

பிறகு படங்கள். எதைக் காணோம் என்று சொல்ல வேண்டும். புகைபோக்கி இல்லாத வீடு ஒன்று. ஓட்டுக் கூரை, இரண்டு ஜன்னல், கதவு, முன்னால் ஒரு மரம். பூரணி அதை நெடுநேரம் பார்த்தாள்.

“பக்கத்து காம்பராவைக் காணோம் சேர்.”

றோலண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்திநாதனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவன் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டான்.

மத்தியானம் கூட்டிப் பார்த்தார்கள். பூரணியின் புத்திக்கு ஏழு வயது. எண் அறுபத்து நான்கு. மற்றப் பிள்ளைகளும் எண்பதைத் தாண்டவில்லை.

“ஏழு வயசா!” லோரன்ஸ் வாத்தியார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “சேர், என் கணக்குல பிழை காட்டுற புள்ளைங்க அவ.”

“உங்க பாசம் எனக்கு விளங்குது வாத்தியார். ஆனா இது தெர்மாமீட்டர் மாதிரி. பாசத்துக்காகக் காய்ச்சலைக் குறைச்சுக் காட்டாது.” றோலண்ட் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வருத்தத்தோடுதான் சொன்னார்.

இருபத்து நான்கு பெயர்களையும் எண்களையும் பத்திநாதன் முத்து முத்தான எழுத்தில் அறிக்கையில் எழுதி முடித்தான். மறுநாள் பன்னிரண்டு மணி பஸ்ஸில் அறிக்கை ஹட்டனுக்குப் போக வேண்டும்.

மறுநாள் காலை ஒன்பது மணியிருக்கும். றோலண்ட் வாத்தியார் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை. பத்திநாதன் பள்ளிக்கூடத்தில் தனியாக நின்று பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தான். வாசலில் நிழல் விழுந்தது. முதுகில் வெறுங்கூடையும் இடுப்பில் சுற்றிய சாக்குப் படங்குமாக ஒரு பெண் நின்றாள். காலெல்லாம் ஈரம். மலையிலிருந்து நேரே இறங்கி வந்திருக்கிறாள்.

“புத்தி அளக்குற ஐயா நீங்களா?”

“நான் உதவிக்கு வந்தவன். நீங்க?”

“மீனம்மா. பூரணியோட ஆத்தா.” கூடையை இறக்கி வைத்தாள். “வயித்துவலின்னு கங்காணிகிட்ட பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். எம்புள்ளைக்கு ஏழு வயசுப் புத்தின்னு சொன்னீங்களாமே. அப்ப மிச்சம் நாலு வருசம் நான் ஊட்டுன சோறெல்லாம் எங்கய்யா போச்சு?”

பத்திநாதன் கடிகாரத்தை எடுத்துக் காட்டினான். “அப்படி இல்ல அக்கா. இது கடிகாரம் வச்சு, முறையாப் பார்த்தது…”

“கடியாரம் வச்சாச் சரியாப் போயிருமா? எங்களை மேய்க்கிற பெரிய கண்டாக்கையாகூடத்தான் கையில கடியாரம் கட்டியிருக்காரு. அவரு புத்திய யாரு அளந்தா?”

அவனுக்குச் சிரிப்பு முட்டியது. அவள் சிரிக்கவில்லை.

“என்னா கேட்டீங்க அவகிட்ட? அதையே எங்கிட்டயும் கேளுங்க.”

மறுத்திருக்கலாம். கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்பதும் விதிதான். ஆனால் அவள் நின்ற நிலையில் அவனால் முடியவில்லை. முதல் கேள்வியைக் கேட்டான்.

“வழியிலயே நேரமாயிருச்சுன்னா?” மீனம்மா யோசிக்கக்கூட இல்லை. “வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். வேறென்னா செய்யிறது?”

“ஓடிப் போகலாமே அக்கா?”

“ஓடி?” அவள் அவனை வேடிக்கையாகப் பார்த்தாள். “போன மாசம் சின்னவனுக்குக் காய்ச்சல். காலப் பெரட்டுக்கு அஞ்சு நிமிசம் சுணங்கிருச்சு. பேர் கூப்புட்டு முடிச்சுட்டாங்க. கணக்கப்புள்ள என்னா சொன்னாரு? ‘வீட்டுக்குப் போ’ன்னாரு. அவ்வளவுதான், அன்னைக்கு வேலை இல்ல. இன்னொருத்தி நின்னு கெஞ்சுனா. அவளை மறுநாளும் சேர்த்து நிறுத்திட்டாரு. பேசாம திரும்புனவதான் புத்திசாலி. பூரணி அன்னைக்கு எம்பக்கத்துலதான் நின்னா. எல்லாத்தையும் பாத்துக்கிட்டிருந்தா.”

பத்திநாதன் கடைக் கேள்வியையும் கேட்டான். “தோட்டத்துல இருக்குறதே ஒரு கடைதானய்யா,” என்றாள்.

“நீங்க எந்த ஊருய்யா?”

“பூண்டுலோயாப் பக்கம்.”

“டவுனா?”

“தோட்டந்தான்.”

“லயமா?”

“லயந்தான் அக்கா.”

“அப்ப ஒங்களுக்குத் தெரியாதா?” என்றாள் மீனம்மா. அதில் குத்தலும் இல்லை, கோபமும் இல்லை. தெரிந்திருக்க வேண்டியவனாயிற்றே என்கிற வியப்புத்தான் இருந்தது.

அவனுக்குத் தெரியும். ஏழு வயதில் ஒரு விடியற்காலை, அம்மா வெறுங்கூடையோடு லயத்துக்குத் திரும்பி வந்தாள். பெரட்டில் நேரமாகிவிட்டது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். பகல் முழுக்க அம்மா வீட்டில் இருக்கப் போகிறாள் என்று அவன் குதித்தான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அந்த முதுகு இப்போது கண்முன் வந்து நின்றது. நேற்றுச் சுருக்கென்று குத்தியது இதுதான். நூறு நாவலில் எத்தனையோ தாய்மாரின் கண்ணீரை வாசித்து அழுதவன், சொந்தத் தாயின் முதுகை எங்கோ வைத்து மறந்துவிட்டு, அதைச் சரியாகச் சொன்ன பிள்ளைக்குப் பிழை போட்டிருக்கிறான்.

வீட்டுப் படத்தை எடுத்து மேசையில் வைத்தான். மீனம்மா குனிந்து பார்த்தாள்.

“இது யாரு வீடு? துரை பங்களாவா? இப்படித் தன்னந்தனியா நிக்குது!”

“இதுல எதைக் காணோம்னு சொல்லுங்க.”

“லயம்னா ஒட்டி ஒட்டித்தானய்யா காம்பரா இருக்கும். சுவத்துக்கு அந்தாண்ட ஆளு இருமுற சத்தம் கேக்கணும். அது இல்லாம எப்புடி வீடு?”

பத்திநாதன் அட்டையைக் கவிழ்த்து வைத்தான். கடைசியாக ஒன்று மிஞ்சியிருந்தது. அதைச் சொல்ல அவனுக்கே சங்கடமாக இருந்தது.

“அக்கா, இதெல்லாம் போகட்டும். பக்கத்துப் புள்ளைங்க தாள்ல கை வச்சுட்டா. எழுத்துச் சோதனையில அது பெரிய தப்பு.”

“அவ தாளு முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருந்துச்சு.”

“முடிச்சிட்டுச் சும்மா ஒக்காந்திருப்பாளா பின்ன?” மீனம்மாவின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “மலையில ஆளுக்கொரு நிரை குடுப்பாங்க. வேகமா எடுக்குறவ மேல போய்ச் சேர்ந்துட்டா, நின்னு வேடிக்கை பார்க்க மாட்டா. பிந்தி நிக்கிறவ நிரையில எறங்கிக் கொழுந்து எடுத்துக் குடுப்பா. இவ என் வயித்துல இருந்தப்போ ஏழு மாசம் வரைக்கும் பக்கத்துக் காம்பரா பேச்சியம்மாதான் எம்பாதி நிரைய எடுத்துக் குடுத்தா. அதைச் செய்யாதவகூட நாங்க ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்க மாட்டோம். எம்புள்ளை அதைச் செஞ்சான்னா நான் சந்தோசந்தான் படுவேன். தண்டனை குடுத்தா குடுங்க.”

பத்திநாதன் திடீரென்று பெட்டியைக் கவிழ்த்தான். அடுக்கிய தாள்கள் மேசையில் சரிந்தன. கடைசி பெஞ்சின் மூன்று தாள்களையும் தேடி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். நடுத்தாளில் பத்து வரிசையும் நீலம். ஆரம்பம் முதல் முடிவு வரை கறுப்பு ஒரு புள்ளிகூட இல்லை. இடப்பக்கத்துத் தாளில் மேலே ஐந்து வரிசை கறுப்பு, அதற்குக் கீழே நான்கு வரிசை நீலம். வலப்பக்கத்துத் தாளில் மேலே ஆறு வரிசை கறுப்பு, கீழே மூன்று வரிசை நீலம். யாரும் பூரணிக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் யாருடையதையும் பார்த்து எழுதவும் இல்லை. எட்டு நிமிடத்தில் பதினேழு வரிசை. விரலை வைத்து ஒவ்வோர் உருவமாகச் சரிபார்த்தான். பதினேழிலும் இரண்டே இரண்டு தவறு. ஹட்டனில் போன மாதம் நூறு பிள்ளைகளுக்கு இதே தாளைக் கொடுத்தபோது, பத்து வரிசையை நேரத்துக்குள் முடித்தவர்கள் இரண்டே பேர்.

“அந்த நீலமெல்லாம் அவ போட்டதா?” மீனம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நிறம் தெரியும்.

“ஆமாக்கா. எல்லாம் அவ போட்டது.”

“நெறைய இருக்கே.”

“நெறைய இருக்கு.”

அவள் சற்று நேரம் அந்த நீலக் கோடுகளையே பார்த்தாள். பிறகு கூடையை எடுத்து முதுகில் மாட்டினாள். கொழுந்து நிறுக்கும் முன்னால் மலைக்குத் திரும்பியாக வேண்டும்.

“பெரிய ஐயாகிட்டச் சொல்லுவீங்களா?”

“சொல்றேன் அக்கா.”

சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை. அடுத்த வருடம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் பத்திநாதன் போக வேண்டும் என்றால் றோலண்டின் கையெழுத்து வேண்டும். அவர் கப்பலில் கொண்டுவந்த பெட்டியைப் பிழை என்று அவரிடமே சொல்ல வேண்டும். மூன்று தாள்களையும் கையில் எடுத்துக்கொண்டு அவன் வாத்தியார் வீட்டுப் படி ஏறினான்.

றோலண்ட் முழுவதையும் கேட்டார். முகம் இறுகிக்கொண்டே வந்தது. “விடைப் புத்தகத்துல இருக்கிறதுதான் விடை, பத்திநாதன். ஒவ்வொரு தாயும் வந்து நியாயம் சொன்னா ஒருத்தரையும் அளக்க முடியாது.”

“சேர், புத்தகத்தை நான் குறை சொல்லல்ல. தமிழாக்குனவன் நான். பெரட்டுல இருந்து எங்கம்மா திரும்பி வந்ததைக் கண்ணால பார்த்தவன் நான். அந்தப் புள்ளை சரியாச் சொல்லிச்சு. பிழை போட்ட கை என்னோடது.” மூன்று தாள்களையும் நீட்டினான். “இதை மட்டும் பாருங்க சேர். நீலக் கோட்டை மட்டும்.”

றோலண்ட் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு தடவை எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு எழுந்து பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தார். ஆளனுப்பிப் பூரணியைக் கூப்பிட்டுத் தனி மேசையில் உட்கார வைத்து, வேறு உருவங்கள் உள்ள புதுத் தாள் ஒன்றைக் கொடுத்தார். கடிகாரத்தை அழுத்தினார். நான்கே முக்கால் நிமிடத்தில் அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள்.

“இனி யாருக்குங்க?” என்று கேட்டாள்.

“யாருக்கும் இல்லம்மா,” என்றார் றோலண்ட் மெதுவாக. “ஒனக்கு மட்டுந்தான்.”

தாளைத் திருத்திய பிறகு அவர் பிள்ளைகளின் குட்டை பெஞ்சிலேயே முழங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டார். கீழே சாலையில் பன்னிரண்டு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் எழுந்திருக்கவில்லை.

“பஸ்ஸில நான் உமக்குச் சொன்ன கதையில பாதியைச் சொல்லல்ல,” என்றார். “அமெரிக்காவுல கப்பல்ல வந்து இறங்குன ஏழைச் சனங்களை ஒரு தீவுல நிறுத்தி இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்டாங்க. கடல் அலைச்சல், பசி, பாஷை தெரியாது. அதுல பாதிக்குப் பாதிப் பேர் மந்தபுத்திக்காரங்கன்னு ஒருத்தர் கணக்குப் போட்டு எழுதிவச்சார். லண்டன்ல நான் படிச்ச புத்தகத்துல அது இருந்தது. அடிக்குறிப்பா, சின்ன எழுத்துல. நான் மேலால வாசிச்சிட்டுப் போயிட்டேன்.”

பத்திநாதனுக்கு அவன் தாத்தா நினைவுக்கு வந்தார். இந்தியக் கரையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய மண்டபம் முகாமில் சட்டையைக் கழற்றி வரிசையில் நிற்க வைத்து, கண்ணை விரித்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லித்தான் அவரையும் கப்பலேற்றினார்களாம். இத்தனை வருடம் கழித்து இப்போதும், நீங்கள் யார், எங்கே பிறந்தீர்கள், பிரஜாவுரிமைக் காகிதம் எங்கே என்று லயத்து ஆட்களிடம் கேட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். இந்தத் தடவை கேட்டவர்களின் பக்கத்தில் அவனும் நின்றிருக்கிறான்.

“அந்த பாரிஸ்காரர் இதைத் தொடங்குனதே பிள்ளைகளைத் தள்ளிவிடாம இருக்கத்தான்,” என்றார் றோலண்ட். “நான் என்ன செய்யப் பார்த்தேன்? பேனாவைக் கொண்டாரும். அந்தத் தாய்க்கு நான் கடமைப்பட்டிருக்கேன். உமக்கும்.”

அவன் முத்து முத்தாக எழுதிய அறிக்கையை நடுவால் கிழித்தார். புதுத் தாளில், எண் எழுத வேண்டிய கட்டங்கள் இருபத்து நான்கையும் வெறுமையாக விட்டார். கீழே தன் கையாலேயே எழுதினார்: இந்தச் சோதனையை வைத்து இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, பிழை பிள்ளைகளுடையதல்ல, பூரணி என்ற பிள்ளையின் வேலையை நானே பக்கத்தில் இருந்து பார்த்தேன், அவளை ஒரு பள்ளித் தவணைக்காவது சேர்த்துப் பாருங்கள் என்று என் பொறுப்பில் கேட்டுக்கொள்கிறேன்.

எண் இல்லாத விண்ணப்பத்தை ஹட்டனில் யாரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. டவுன் கடைக்காரர் ஒருவர் தன் மகளுக்கு அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதாகப் பள்ளியில் பேச்சு அடிபட்டது. பங்குனி போய்ச் சித்திரையும் பாதி கழிந்தது. பத்திநாதன் வாரத்துக்கு ஒருமுறை தலைமைச் சிஸ்டரின் அறை வாசலில் போய் நின்றான். “பிரார்த்தனை பண்ணுங்க, மாஸ்டர்,” என்பார் அவர். அவனும் பண்ணினான். றோலண்ட் இரண்டு தடவை கொழும்பிலிருந்து கடிதம் எழுதினார். மூன்றாம் தடவை நேரிலேயே வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். அடுத்த நாள் பதில் வந்தது. ஒரு தவணை. தவணைப் பரீட்சையில் தேறினால் தொடரலாம்.

வைகாசித் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை மீனம்மா மகளைக் கூட்டிக்கொண்டு ஹட்டனில் வந்து இறங்கினாள். பூரணி புதுப் பாவாடையும் பெரிய சட்டையுமாக, பாய்ச் சுருளை அணைத்துப் பிடித்தபடி பஸ்ஸை விட்டு இறங்கினாள். அங்கே காத்திருந்த பத்திநாதனும் சேர, மூன்று பேரும் மேட்டில் ஏறினார்கள். பள்ளி வாசலில் ஓர் இளம் சிஸ்டர் வந்து பூரணியின் கையைப் பிடித்தார். பூரணி அழவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்து, “தம்பிய ராவுல தனியாப் படுக்க வைக்காத,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு மூடியது. மீனம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

இருவரும் பஸ் நிலையத்துக்கு இறங்கினார்கள். நுவரெலியா பஸ் புறப்படத் தயாராக நின்றது. அதன் பக்கத்தில் வந்ததும் இரண்டு கையையும் கூப்பினாள்.

“ஐயா, ஒங்களுக்கு நான் என்னா செய்யப் போறேன்…”

“கையை எறக்குங்க அக்கா.” பத்திநாதன் கையைக் காட்டித் தடுத்தான். “கும்புட வேண்டியவன் நான். நீங்க அன்னைக்கு மலையில இருந்து எறங்கி வரலேன்னா, நான் அந்த அறிக்கையைக் கொண்டுபோய்க் குடுத்திருப்பேன். காலம் பூரா அது சரின்னே நெனச்சிருப்பேன். எங்கம்மா பக்கம் போய் ரெண்டு வருசமாயிருந்துச்சு அக்கா. போன மாசந்தான் போயிட்டு வந்தேன்.”

மீனம்மா கூப்பிய கையை இறக்கினாள்.

“நீங்க ஒண்ணும் பொல்லாதவரு இல்லய்யா. மறந்துட்டீங்க. அவ்வளவுதான். நெனப்பு வந்ததும் போய்ச் சொன்னீங்கள்ல? எத்தனை பேரு சொல்லுவாங்க?” பிறகு குரலைத் தாழ்த்தி, “அம்மாவுக்குச் சொகந்தானே?” என்றாள்.

“சொகமா இருக்காங்க. ஒங்களைப் பத்திச் சொன்னேன். பாக்கணும்னாங்க.”

“கூட்டிக்கிட்டு வாங்க. அடுத்த மாசம் எங்க கோயில்ல திருவிழா.”

கண்டக்டர் சத்தம் போட்டான். அவள் ஏறினாள். பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. சந்தியை நெருங்கும்போது ஜன்னலுக்கு வெளியே அவள் தலை முழுவதுமாக வந்தது.

“ஐயா! அவ தலையில ஈரம் நின்னாச் சளி புடிச்சிரும்! காயவச்சுட்டுத்தான் பின்னணும்! அந்தச் சிஸ்டரம்மாகிட்டச் சொல்லிருங்க!”

“சொல்றேன் அக்கா!” பத்திநாதன் பஸ்ஸோடு நாலடி ஓடினான். “இப்பவே சொல்றேன்!”

பஸ் திரும்பி மறைந்தது. பொடிமழை தூறத் தொடங்கியிருந்தது. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சிஸ்டரைத் தேடி மறுபடியும் மேட்டில் ஏறினான்.